ஒரு மூலையில் வறட்சி, கவுண்டி முழுக்கப் பணம்

அமெரிக்காவில் மழை பொய்த்தால் மாட்டுப் பண்ணைக்காரர்களுக்கு அரசாங்கம் பணம் கொடுக்கிறது. கொடுக்கத்தான் வேண்டும் என்று நானும் சொல்வேன். ஆனால் யாருக்குக் கொடுப்பது என்று சட்டம் முடிவு செய்கிற விதத்தில் பெரிய கோணல் ஒன்று இருக்கிறது. ஒரு கவுண்டியின் எந்தப் பகுதியிலாவது வறட்சி இருந்தால் போதும், அந்தக் கவுண்டியில் மேய்ச்சல் நிலம் வைத்திருக்கிற எல்லோருமே மனுப் போடலாம். முப்பத்தைந்து வருஷம் ஃபைல் கட்டியவன் கண்ணில் இப்படி ஒரு வாக்கியம் பட்டால் அவனால் சும்மா இருக்க முடியாது.

புதுச்சேரியில் யு.டி.சி.யாக இருந்து பென்ஷன் வாங்குகிறவனுக்கு அமெரிக்க மாடுகளோடு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். என் இளைய மகள் குடும்பம் நெப்ராஸ்கா மாநிலத்தின் தலைநகரமான லிங்கனில் இருக்கிறது. இரண்டு தடவை போய் மாதக்கணக்கில் தங்கியிருக்கிறேன். அங்கே கிழவனுக்கு வேலை என்ன? நடப்பது, பேரனுக்குக் கொஞ்சம் பிரெஞ்சு சொல்லிக் கொடுப்பது, உள்ளூர்ப் பேப்பர் படிப்பது. அந்தப் பேப்பரில் வாரா வாரம் ஒரு வரைபடம் வரும். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மாநிலம் முழுவதும் திட்டுத் திட்டாக வண்ணம் பூசியிருக்கும். மருமகனைக் கேட்டேன். "அது டிரவுட் மானிட்டர் மாமா, எங்கே எவ்வளவு வறட்சின்னு காட்டுற மேப்" என்றார். அந்த வண்ணத்தை வைத்துத்தான் பணம் போகிறது என்று பிறகு தெரிந்தது. அதற்கப்புறம் விடவில்லை. விதிகளைத் தேடிப் படித்தேன். கதைப் புத்தகத்தைவிட எனக்கு விதிப் புத்தகம் ருசிக்கும். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

முதலில் திட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். லைவ்ஸ்டாக் ஃபோரேஜ் டிசாஸ்டர் புரோகிராம் என்று நீளமான பெயர். மேய்ச்சல் இழப்பு நிவாரணம் என்று வைத்துக்கொள்வோம். டிரவுட் மானிட்டர் வரைபடத்தை லிங்கன் நகரில் இருக்கும் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் வறட்சி மையமும், மத்திய விவசாயத் துறையும், வானிலையைக் கவனிக்கும் நோவா அமைப்பும் சேர்ந்து 1999-லிருந்து வாரா வாரம் வியாழக்கிழமை வெளியிடுகின்றன. டி0-விலிருந்து டி4 வரை ஐந்து படி. டி0 என்றால் கொஞ்சம் காய்ச்சல், டி2 கடும் வறட்சி, டி4 என்றால் அபூர்வமாக வரும் கொடிய வறட்சி. மேய்ச்சல் பருவத்தில் ஒரு கவுண்டியில் டி2 தொடர்ந்து 8 வாரம் நின்றால் ஒரு மாதப் பணம். டி3 வந்தால் மூன்று மாதம். டி3 நான்கு வாரம் நின்றாலோ டி4 தொட்டாலோ நான்கு. டி4 நான்கு வாரம் நின்றால் ஐந்து. இது 2014-ஆம் வருஷச் சட்டத்தின் கணக்கு.

ஒரு மாதப் பணம் என்றால் அந்த மந்தைக்கு ஒரு மாதத் தீவனத்துக்கு ஆகும் செலவு, அல்லது அந்த நிலம் எத்தனை மாட்டைத் தாங்குமோ அதற்கு ஆகும் செலவு, இரண்டில் எது குறைவோ அதில் 60 சதவீதம். ஒரு மாட்டுக்கு மாதத் தீவனம் 50 டாலர் என்று பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 300 மாடு உள்ளவருக்கு ஒரு மாதப் பணம் 9,000 டாலர். ஐந்து மாதம் என்றால் 45,000. எத்தனை மாடு இருந்தாலும் வருஷத்துக்கு ஒருவருக்கு 1,25,000 டாலருக்கு மேல் கிடையாது. சராசரி வருமானம் 9 லட்சம் டாலருக்கு மேல் இருந்தால் பொதுவான விதிப்படி அவருக்கு இல்லை.

இதில் எனக்குப் பிடித்தது எதுவென்றால், யாரும் வந்து பார்ப்பதில்லை என்பதுதான். நம் பக்கத்தில் பயிர் நிவாரணக் கணக்கு எடுக்கும்போது என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நான் வேலையில் இருந்த காலத்தில் பாதிக்குப் பாதி சேதம் இருந்தால்தான் நிவாரணம். 2015-க்குப் பிறகுதான் 33 சதவீதமாகக் குறைத்தார்கள். ஒரு வயலில் சேதம் 49-ஆ 51-ஆ என்பதை வரப்பில் நிற்கும் ஒருவர் கண்ணால் பார்த்து எழுத வேண்டும். அந்த இரண்டு சதவீத இடைவெளியில் எத்தனை டீ, எத்தனை டிபன், எத்தனை கவர் என்று நான் விவரிக்கத் தேவையில்லை. நல்ல மனிதர்களும் அந்த வேலையில் இருந்தார்கள். ஆனால் ஒரு மனிதனின் நல்ல குணத்தை நம்பி ஒரு விதி எழுதக்கூடாது. அமெரிக்காக்காரன் அந்த வரப்பு வேலையையே எடுத்துவிட்டான். வானத்தை ஒருத்தன் அளக்கிறான், வண்ணம் பூசுகிறான், கட்டம் நிறைந்தால் பணம். பண்ணைக்காரர் நேரே கவுண்டி ஆபீசுக்குப் போய் சிசிசி-853 என்ற படிவத்தைப் போட வேண்டும். அந்த ஆபீசைக் கவனிக்கும் கமிட்டியைக்கூட அந்தப் பகுதி விவசாயிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். பணம் வாங்குகிறவர்களே மேற்பார்வைக் கமிட்டியும் என்றால் நம் ஊரில் சிரிப்பார்கள். விதியில் கமிட்டி தன் இஷ்டத்துக்கு வளைக்கக்கூடிய இடம் குறைவு என்பதால் அது ஓரளவு தாங்குகிறது.

பணம் தேவையா என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. லிங்கனிலிருந்து ஒருமுறை வடமேற்கே வேலன்டைன் என்ற ஊர் வரைக்கும் காரில் போனோம். பகலில் பாதி அதிலேயே போய்விட்டது. சாண்ட்ஹில்ஸ் என்று பெயர், மணல் குன்றுகள். தேரிக்காட்டை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மேலே முழுக்கப் புல். பார்வை எட்டும் தூரம் வரைக்கும் பச்சை அலை அலையாகப் போகும். புல்லுக்கு அடியில் சுத்தமான மணல்தான். வறட்சியில் மாட்டை விட்டு அந்தப் புல்லை வேரோடு கடிக்கவிட்டால் காற்று மணலைக் கிளப்பிக் குழி விழும். ஒருமுறை குழி விழுந்தால் மறுபடி புல் மூட வருஷங்கள் ஆகும். ஆகவே காய்ந்த வருஷத்தில் மாட்டைப் புல்லிலிருந்து வெளியே எடுத்து, வைக்கோல் வாங்கிப் போட வேண்டும், இல்லாவிட்டால் விற்க வேண்டும். விற்றவர்களையும் திட்டம் மறக்கவில்லை. முந்தைய இரண்டு வருஷத்தில் வறட்சிக்காக விற்ற மாட்டுக்கும், வழக்கமான தொகையில் 80 சதவீதம் தருகிறார்கள். இதை எழுதியவனுக்கு மாடும் தெரியும், புல்லும் தெரியும்.

பணம் வராமல் போனால் என்ன ஆகும் என்பதையும் அவர்கள் பார்த்துவிட்டார்கள். பழைய திட்டம் 2011 செப்டம்பரோடு காலாவதியானது. அடுத்த வருஷம், 2012-ல், நெப்ராஸ்காவே காய்ந்து கருகியது. அப்போது கையில் திட்டம் இல்லை. வாஷிங்டனில் சட்டம் இழுத்துக்கொண்டே போனது. 2013 அக்டோபர் முதல் வாரத்தில் பக்கத்து மாநிலமான தெற்கு டகோட்டாவில் திடீர்ப் பனிப்புயல் அடித்து ஆயிரம் ஆயிரமாக மாடுகள் செத்தன. அந்தச் சமயம் பட்ஜெட் சண்டையில் மத்திய அரசாங்க ஆபீஸ்களே மூடிக் கிடந்தன. செத்த மாட்டைக் கணக்கில் சேர்க்கப் போனவனுக்குப் பூட்டிய கதவுதான். கடைசியில் 2014 பிப்ரவரியில் சட்டம் வந்தது, ஏப்ரலில் மனு வாங்க ஆரம்பித்தார்கள், 2011 அக்டோபரிலிருந்து முன்தேதியிட்டுக் கொடுத்தார்கள். அரியர்ஸ் போடுவது எங்களுக்கும் பழக்கம்தான். ஆனால் சம்பளக்காரன் அரியர்சுக்குக் காத்திருப்பான், மாடு காத்திருக்காது.

இப்போது கோணலுக்கு வருகிறேன்.

வேலன்டைன் ஊர் செரி கவுண்டியின் தலைமையிடம். அந்தக் கவுண்டியில் ஜனங்கள் ஐந்தாயிரத்துச் சொச்சம்தான். அவர்களைப் போலப் பல மடங்கு மாடுகள். பரப்பளவு சுமார் 15,500 சதுர கிலோமீட்டர். நம் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கையும் சேர்த்தால் 490 சதுர கிலோமீட்டர் வரும். அதாவது நம் மாநிலத்தைப் போல முப்பது புதுச்சேரிகளை அந்த ஒரு கவுண்டிக்குள் போடலாம். கிழக்கு மேற்காக 150 கிலோமீட்டர் இருக்கும். கிழக்கே வேலன்டைனில் மணி பத்து என்றால் அதே கவுண்டியின் மேற்குப் பாதியில் மணி ஒன்பது. ஒரு கவுண்டிக்குள் இரண்டு கடிகாரம்!

இவ்வளவு பெரிய இடத்தில் ஒரே மாதிரி மழை பெய்யுமா? கோடை இடி மழை என்பது ஒரு பக்கம் கொட்டி இன்னொரு பக்கம் தூசு கிளப்பிப் போவது. மேற்கு மூலையில் ஆரஞ்சு வண்ணம் எட்டு வாரம் நின்றால், கிழக்கே இடுப்பளவு புல்லில் மாடு மேய்கிறவருக்கும் அதே பணம் உண்டு. அவர் பொய் சொல்லவில்லை, எதையும் மறைக்கவில்லை, சட்டப்படி வாங்குகிறார். தெற்கே ஹூக்கர் கவுண்டி இருக்கிறது. பரப்பு 1,900 சதுர கிலோமீட்டருக்குள்தான். செரி கவுண்டியோடு வேலி பகிர்ந்துகொள்ளும் பண்ணைக்காரர் அங்கே இருப்பார். ஆரஞ்சுத் திட்டு அவர் கவுண்டிக்குள் வராமல் போனால் அவருக்கு ஒரு சல்லி கிடையாது, அவர் புல்லும் வேலிக்கு அந்தப் பக்கத்துப் புல்லும் ஒரே மாதிரி இருந்தாலும். பெரிய கவுண்டியில் இருப்பவனுக்குச் சீட்டு விழும் வாய்ப்பு அதிகம், சின்னக் கவுண்டியில் இருப்பவனுக்குக் குறைவு. இதற்கும் மழைக்கும் என்ன சம்பந்தம்?

மேற்கே போகப் போக இது இன்னும் மோசம். நெவாடாவில் எல்கோ என்ற கவுண்டி நம் கேரள மாநிலத்தைவிடப் பெரியது. கேரளத்தில் காசர்கோட்டில் மழை இல்லை என்று திருவனந்தபுரத்துக்காரனுக்கு நிவாரணம் கொடுத்தால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

எல்லைக் கோட்டுக் கஷ்டம் எனக்குப் புதிதில்லை. புதுச்சேரியிலிருந்து விழுப்புரத்துக்கு பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும். வில்லியனூர் நம்முடையது, கண்டமங்கலம் தமிழ்நாடு, அதைத் தாண்டினால் திருபுவனையும் மதகடிப்பட்டும் மறுபடி நம்முடையது, அப்புறம் திரும்பவும் தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் ஊர் ஊராகப் பேரம் பேசி வாங்கியதில் வந்த வினை. வெள்ள நிவாரண மனு வாங்கும் நாட்களில் அந்தப் பக்கத்து ஆட்கள் இரண்டு மாநிலத்திலிருந்தும் வந்து நிற்பார்கள். ஒரு பெரியவர் என் மேசைக்கு முன்னால் நின்றது நினைவிருக்கிறது. அவருடைய அண்ணன் நிலம் நம் பக்கம், இவர் நிலம் அந்தப் பக்கம். "ஒரே வாய்க்கா, ஒரே தண்ணி ஐயா. எங்க அண்ணனுக்கு உண்டு, எனக்கு இல்லன்னா எப்படிங்க?" என்றார். "உங்க சர்வே நம்பர் தமிழ்நாட்டுல இருக்கு பெரியவரே, நீங்க அங்கதான் மனுக் கொடுக்கணும்" என்று சொல்லி அனுப்பினேன். வேறு என்ன சொல்ல முடியும்? இரண்டு கஜானா, இரண்டு அரசாணை.

நெப்ராஸ்காவில் அந்தச் சாக்கும் கிடையாது. செரி கவுண்டிக்கும் ஹூக்கர் கவுண்டிக்கும் பணம் வருவது ஒரே வாஷிங்டன் கஜானாவிலிருந்து. சட்டமும் ஒன்று, துறையும் ஒன்று, படிவமும் ஒன்று. வறட்சி வரைபடம் கவுண்டி எல்லையைப் பார்த்து வரையப்படுவதும் இல்லை. மழை, மண் ஈரம், ஆற்று நீர் எல்லாம் பார்த்து வளைவு வளைவாகக் கோடு போடுகிறார்கள். அப்படி கஷ்டப்பட்டு வரைந்த கோட்டை எடுத்து, நூறு வருஷத்துக்கு முன்னால் கோர்ட்டுக்கும் வரி வசூலுக்கும் சௌகரியமாகப் போட்ட கவுண்டிக் கோட்டுக்குள் அடைக்கிறார்கள்.

இதற்கு ஒரு நல்ல எதிர்வாதம் இருக்கிறது, சொல்லாமல் விடக்கூடாது. அந்த வரைபடம் பரந்த நிலவரத்தைத்தான் காட்டும், உள்ளூர் நிலை மாறலாம் என்று வரைகிறவர்களே அதில் அச்சிடுகிறார்கள். ஒரு தனிப் பண்ணைக்கு நேராக விரலை வைத்து, இங்கே டி1, வேலி தாண்டினால் டி2 என்று சொல்லும் அளவுக்கு அது நுணுக்கமானது கிடையாது. ஆகையால் கொஞ்சம் தாராளமாகக் கவுண்டி முழுவதற்கும் கொடுத்துவிடுவோம், உண்மையில் காய்ந்தவன் ஒருவன் கோட்டுக்கு வெளியே விழுந்துவிடக் கூடாது என்கிறார்கள். தாராளம் நல்ல குணம்தான். ஆனால் இந்தத் தாராளம் செரி கவுண்டியில் 15,500 சதுர கிலோமீட்டருக்கு நீள்கிறது, ஹூக்கர் கவுண்டியில் சட்டென்று நின்றுவிடுகிறது. தாராளத்துக்கும் ஓர் அளவு வேண்டுமென்றால் அது எல்லோருக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டாமா?

வேறு வழி இல்லை என்றும் சொல்ல முடியாது. அதே விவசாயத் துறை மேய்ச்சல் நிலத்துக்கு இன்னொரு திட்டமும் நடத்துகிறது, மழை அளவை வைத்து இன்ஷூரன்ஸ். பண்ணைக்காரர் பிரீமியம் கட்டுவார், அதில் பாதிக்கு மேல், 51-லிருந்து 59 சதவீதம் வரை, அரசாங்கம் போட்டுக்கொள்ளும். அதில் கவுண்டிக் கணக்கே பார்ப்பதில்லை. நாடு முழுவதையும் கால் டிகிரிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு இரண்டு மாத மழையைத் தனித்தனியாகக் கணக்கிடுகிறார்கள். நெப்ராஸ்கா அட்சரேகையில் ஒரு கட்டம் சுமார் 28 கிலோமீட்டருக்கு 20 கிலோமீட்டர் வரும். ஏறக்குறைய நம் யூனியன் பிரதேசம் அளவு. செரி கவுண்டியை அப்படிப் பிரித்தால் இருபத்தேழு, இருபத்தெட்டு கட்டம் கிடைக்கும். கட்டமும் கையில் இருக்கிறது, கம்ப்யூட்டரும் இருக்கிறது, அதை நடத்தும் ஆட்களும் இருக்கிறார்கள். ஆரஞ்சு வண்ணம் ஒரு கட்டத்தைத் தொட்டால் அந்தக் கட்டத்துக்கும் அதை ஒட்டிய கட்டங்களுக்கும் கொடுங்கள். தாராளமும் இருக்கும், பெரிய கவுண்டி சின்னக் கவுண்டி என்ற பேதமும் போகும். ஹூக்கர் கவுண்டிக்காரருக்கும் நியாயம் கிடைக்கும்.

பிரான்சிலும் இயற்கைச் சேதத்தை அறிவிக்கும்போது கம்யூன் கம்யூனாகப் பெயர் போட்டுப் பட்டியல் வெளியிடுவது வழக்கம். கம்யூன் என்ற சொல் புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், பாகூரும் நெட்டப்பாக்கமும் இன்றைக்கும் கம்யூன்தான். அங்கே கம்யூன்கள் சின்னஞ்சிறியவை, முப்பத்தைந்தாயிரம் இருக்கும். அங்கும் சண்டை உண்டு, பக்கத்துக் கம்யூனுக்குக் கிடைத்தது எங்களுக்கு இல்லையா என்று. ஆனாலும் நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவனின் வறட்சியில் இவன் குளிர் காய முடியாது. 1976 வறட்சியின்போது ஜிஸ்கார் அரசாங்கம் விவசாயிகளுக்குக் கொடுப்பதற்காக வருமான வரிக்கு மேல் தனியாக வறட்சி வரியே போட்டது. பாரிசில் இருந்த உறவினர்கள் அதைப் பற்றிக் கடிதத்தில் பொருமியிருந்தார்கள். சொந்தப் பையிலிருந்து போகும்போதுதான் யாருக்குப் போகிறது என்று கேட்கத் தோன்றும்.

அமெரிக்காவிலும் கேட்கிறார்கள். என்விரான்மென்டல் வொர்க்கிங் குரூப் என்ற அமைப்பு அரசாங்கத்திடமிருந்து தகவல் வாங்கி, எந்தக் கவுண்டியில் யார் எவ்வளவு மானியம் பெற்றார் என்று பெயரோடு எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. நம் தகவல் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவும் மானியப் பயனாளிகள் விவரத்தை அரசாங்கம் தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. எனக்கு அது சரியாகவே படுகிறது. ஆனால் அந்தப் பட்டியலைப் பார்க்கிற நகரத்துக்காரனுக்கு ஒரு பெயரும் ஒரு தொகையும்தான் தெரியும். உண்மையிலேயே மாட்டுக்கு வைக்கோல் வாங்க டிராக்டரை அடகு வைத்தவரும், மழை பெய்த பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வாங்கியவரும் அடுத்தடுத்த வரியில் இருப்பார்கள். இரண்டு பேரையும் சேர்த்தே மானியம் தின்னிகள் என்று திட்டுவான். காய்ந்தவருக்கு இந்தக் கவுண்டி விதி செய்கிற பெரிய கெடுதல் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பணம் கிடைத்துவிடுகிறது, மரியாதை போய்விடுகிறது.

வரைபடம் வரைகிறவர்கள் பாடும் சங்கடம்தான். அவர்கள் வறட்சியைச் சொல்ல ஆரம்பித்த படம் இன்றைக்குச் செக் புத்தகம் ஆகிவிட்டது. கோடு பத்து கிலோமீட்டர் நகர்ந்து ஒரு பெரிய கவுண்டியின் ஓரத்தைத் தொட்டால் ஆயிரக்கணக்கான மாடுகளுக்குப் பணம் பாயும் என்று தெரிந்துகொண்டே ஒருவன் பேனா பிடிக்க வேண்டும். கட்டத்துக்குக் கட்டம் கணக்கு என்றால் ஒரு கோட்டின் மேல் இவ்வளவு பாரம் இருக்காது.

இதையெல்லாம் கவுண்டி ஆபீஸ் குமாஸ்தா மாற்ற முடியாது, விவசாய மந்திரியும் மாற்ற முடியாது. 'கவுண்டியின் எந்தப் பகுதியிலாவது' என்ற வார்த்தைகள் சட்டத்திலேயே எழுதியிருக்கின்றன. காங்கிரஸ்தான் திருத்த வேண்டும். 2025 ஜூலையில் அவர்கள் அந்தப் பிரிவைத் திறந்தார்கள். டி2 எட்டு வாரம் நிற்க வேண்டும் என்பதை நான்கு வாரமாகக் குறைத்தார்கள். எட்டு வாரத்தில் ஏழு வாரம் நின்றால் இரண்டு மாதப் பணம் என்று சேர்த்தார்கள். எந்தப் பகுதியிலாவது என்பதை மட்டும் அப்படியே விட்டுவிட்டு மூடிவிட்டார்கள்.